மூன்று ஜாடி வெள்ளைப் பவுடர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. மணிக்கட்டு முறிந்து வீட்டில் இருந்தவர், மனைவி தையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறையை ஒழுங்குபடுத்திவிட்டார். பொட்டலங்களை எல்லாம் பிரித்து ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகளில் கொட்டி, காலி உறைகளைக் குப்பை வண்டியிலும் போட்டாயிற்று. திரும்பி வந்தவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் கேக்குக்கு மாவு சலிக்கும்போதுதான் கவனித்தாள். அலமாரியில் மூன்று ஜாடிகள், மூன்றிலும் வெள்ளைப் பவுடர். நாலு மணிக்கு நாத்தனார் வருகிறாள். போன முறை வெறும் பாலில் சோடாவைப் போட்டுச் செய்த கேக்கைத் தின்றுவிட்டு, "சோப்பு வாசனை வருதே அண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள். அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அதன் பிறகு பேக்கரிக்காரியிடம் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது: சோடாவுக்குப் புளிப்பு துணை வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு கூடவே கலந்திருப்பதால் பால் போதும்.

முதல் ஜாடியில் ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டாள். நுரைத்துப் பொங்கியது. பேக்கிங் பவுடர். நடு ஜாடி வெந்நீரில் அவ்வளவாக அசையவில்லை, வினிகர் பட்டதும் சீறியது. சோடாவாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாவது எதற்கும் மசியவில்லை. விரலிடுக்கில் கிறீச்சென்றது, சோள மாவு.

அப்போதுதான் சிங்க் அடைப்பெடுக்கும் பவுடரின் நினைவு வந்தது. அதுவும் இதே அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. இப்போது அந்த இடம் காலி. நடு ஜாடியில் சீறியது சோடாதானா, அதோடு வேறு ஏதாவதும் கலந்திருக்கிறதா? திரும்பினால், சிங்க்கின் ஓரத்தில் ஒரு தம்ளர். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

படுத்திருந்த கணவரை உலுக்கி எழுப்பினாள்.

"என்னங்க, அந்தத் தம்ளர்ல என்ன குடிச்சீங்க?"

"சோடாதான். வயிறு உப்புசமா இருந்துச்சு."

"எந்த ஜாடி?"

அவர் யோசித்தார். "நடு ஜாடின்னு நெனக்கிறேன்."

அவள் உடனே கிளினிக்குக்குப் போன் போட்டாள். வாய் எரிகிறதா, தொண்டை வலிக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று நர்ஸ் நிதானமாகக் கேட்டாள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த ஜாடியோடு உடனே கிளம்பி வாருங்கள் என்றாள். இவள் டார்ச் அடித்து அவர் நாக்கைப் பார்த்தாள். சிவப்பும் இல்லை, கொப்புளமும் இல்லை.

"சிங்க் பவுடரை எங்க வெச்சீங்க?"

"அதையும் கொட்டிட்டேனா, இல்லையா..." அவர் முகம் சுண்டிப்போனது.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். குளியலறையில் போய்ப் பார்க்கச் சொன்னார். வாளிக்குப் பின்னால், வாய் மடித்துத் துணிக் கிளிப் மாட்டிய பொட்டலம், கொட்டாமல் அப்படியே இருந்தது. திங்கிற சாமானோடு வைக்கக்கூடாது என்று தானே எடுத்துப் போய் வைத்ததை மறந்திருக்கிறார். அவள் நர்ஸுக்கு மறுபடி போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

ஆனாலும் அந்த ஜாடிகளைத் தொட மனம் வரவில்லை. மூன்றையும் குப்பையில் கவிழ்த்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டதாம், சோடா மட்டும் இருந்தது. வேறு வழியில்லை, பாலை விட்டுத் தயிருக்கு மாறினாள். அரை ஸ்பூனைக் கத்தியால் வழித்துச் சமமாக்கினாள். கூடினால் கசக்கும், குறைந்தால் கல்லாகும். தயிரும் சோடாவும் சேர்ந்துவிட்டால் காத்திருக்காது என்பதால் ஓவனை முதலிலேயே சூடாக்கி வைத்து, கலக்கிய கையோடு உள்ளே தள்ளினாள்.

நாத்தனார் முன்னதாகவே வந்து சேர்ந்தாள். கேக் பாதி வேக்காட்டில் இருந்தது. திறந்தால் அமுங்கிவிடும். கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே, வந்தவளுக்குப் பதில் சொன்னாள். எழும்பியது. நடுவில் லேசாக வெடித்தும் இருந்தது.

தேநீருக்கு உட்கார்ந்ததும் கணவரே நடந்ததை உளறிவிட்டார். நாத்தனார் முதலில் அண்ணனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். மூளையையும் ஜாடியில் போட்டு மூடி வைத்தாயா என்பதில் தொடங்கி, சின்ன வயதில் மண்ணெண்ணெய் குடித்தது வரை வறுத்து எடுத்துவிட்டாள். திட்டியபடியே துண்டு துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கேக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனக்கு ஒரு துண்டு எடுக்கலாம் என்று கேக் செய்தவள் கை நீட்டியபோது தட்டில் உதிரிதான் மிச்சம் இருந்தது. விரலால் ஒற்றி வாயில் போட்டாள். தயிரின் லேசான புளிப்பு. இன்னும் கொஞ்சம் ஒற்றி எடுத்தாள்.