பவுடர் போடாத முகம்

தாய் ஞானாம்பிகை கொடுத்த படத்தில் முதலில் தெரிந்தது பவுடர், முகம் பிறகுதான். நாற்பது வயதில் எடுத்த படம். இதைப் பார்த்துச் செய், நல்ல வெள்ளையாய் வரவேணும் என்று சொல்லித்தான் தந்திருந்தாள்.

மகள் பிரஷாந்தினிக்கும் இப்போது அதே வயது. வாரநாட்களில் டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் வேலை. சனிக்கிழமைகளில் ஓர் அச்சுக்கூடத்தில் செப்புத் தகடும் மையும். மெசோடின்ட் அச்சுக்கலை பிறந்த கதையை வைத்து அங்கே ஒரு கண்காட்சி நடக்கவிருந்தது. ஆளுக்கொரு முகம், பழைய முறையில்.

அந்தக் கலையைத் தொடக்கி வைத்தவர் சீகன் என்ற ஜேர்மன் படையதிகாரி, 1642இல். பளபளத்த தகட்டில் பல்லுச் சக்கரத்தை உருட்டி, நிழல் விழும் இடங்களில் மட்டும் புள்ளி குத்துவார். புள்ளியில் மை தங்கும், மீதி வெள்ளை. பிரஷாந்தினியும் அப்படியே செய்தாள், தாய் வெள்ளைக்காரியாக வந்து நின்றாள். ஞானாம்பிகைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொந்தபந்தம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பிரஷாந்தினிக்கு நெஞ்சு கசந்தது. வெயிலுக்கை போகாதை, கறுத்துப்போவாய் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள். இந்தப் பொய்யைச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

சீகனுக்குப் பிறகு றூப்பர்ட் என்ற இளவரசர் அந்த முறையைத் தலைகீழாக்கினார். கண்டுபிடித்த பேரும் கனகாலம் அவருக்கே போனது. இளவரசர் என்றால் சும்மாவா. முதலில் வளைந்த பல்லுக் கத்தியை ஆட்டி ஆட்டித் தகடு முழுக்கப் புள்ளி குத்திக் கருக்கவேண்டும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டவேண்டும்.

பிரஷாந்தினி மூன்று சனிக்கிழமை அப்படி ஆட்டியதில் மணிக்கட்டு வீங்கியது. பவுடர் படத்தில் தாயின் சொந்த நிறத்துக்கு எங்கே போவது? நிறத்துக்கு மட்டும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டாள். நெற்றியில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம், மூக்குத்தியில் ஒரு பொட்டு. அதற்கு மேல் சுரண்டத் தேவைப்படவில்லை.

தாய் சம்மதித்தால் மட்டுமே இதை மாட்டுவது என்று நினைத்துக்கொண்டு லவாலில் இருந்த தாய் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஞானாம்பிகை மூக்குக்கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று பிரஷாந்தினி காத்திருந்தாள்.

"நல்ல வடிவாய் இருக்கிறாய், பிள்ளை," என்றாள் தாய். "ஆர் உன்னைப் படமாய்க் கீறினது?"

"அது நான் இல்லை. நீங்கள், அம்மா."

ஞானாம்பிகை படத்தைக் கீழே வைக்கவில்லை. படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"இதையே மாட்டு," என்றாள். "இவ்வளவு வடிவான பிள்ளையையே நான் வெயிலுக்கை விடாமல் வைச்சிருந்தனான்."