மச்சானின் மெத்தையும் ஓட்டைப்பல்லின் சீட்டும்

எங்கள் டாக்ஸி ஷெட்டின் முதலாளி என் மனைவியின் தம்பி. உயரம் நாலடி ஏழங்குலம், கோபம் ஏழடி. டிரைவர் சீட்டில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டுத்தான் வண்டி ஓட்டுவான். அதைப் பற்றி ஷெட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. அப்படி ஒரு மெத்தையைப் பார்த்ததே இல்லை என்று பதினொரு டிரைவர்களும் சத்தியம் செய்வோம். ஒருமுறை மெத்தை சலவைக்குப் போயிருந்த நாளில் கடைவீதி வழியாக வந்தான். ஆளில்லாமல் கார் வருகிறதென்று இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். போக்குவரத்துக் காவலர் வெறும் ஸ்டீயரிங்குக்கு சல்யூட் அடித்தார். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

என் தினசரி சவாரி ஆறு வயதுக்காரி. நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவளை ஷெட்டில் விட்டுப்போவாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது நான். முன்பல் இரண்டும் இல்லாததால் ஓட்டைப்பல் என்று பெயர் வைத்தேன். அவளும் சும்மா விடவில்லை. நான் மொட்டைத் தாத்தா.

ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தேன். பெல்ட் அவள் தோளில் இல்லை, கழுத்தில் கிடந்தது. கையால் விலக்கிப் பிடித்தாள். கை வலித்ததும் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறியிருந்தது. அன்று சாயங்காலமே, பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் ஒன்று வாங்கிவிட்டேன். மறுநாள் ஏறி உட்கார்ந்தாள். மேலே தோளில், கீழே இடுப்பில் என்று பெல்ட் ஒழுங்காகப் படிந்தது.

“தாத்தா, வெளிய ரோடெல்லாம் தெரியுது!”

இத்தனை நாளும் கதவுக் கைப்பிடியைத்தான் ஊர் என்று நினைத்திருக்கிறாள்.

மச்சான் பார்த்துவிட்டான். “என்ன அத்தான் இது? மூணு பேர் உக்கார்ற எடத்தை இதுவே அடைச்சிக்குது. எடுத்துப் போடுங்க.”

“அவ எறங்கினதும் டிக்கியில வெச்சிடறேன். அவ இருக்கிற வரைக்கும் அது அங்கதான் இருக்கும்.”

“நாமெல்லாம் இதுல உக்காந்தா வளந்தோம்?”

‘வளர்ந்தது யாரு?’ என்று கேட்க நாக்கு துடித்தது. வீட்டில் அவன் அக்காள் இருப்பது ஞாபகம் வந்தது.

“வேணும்னா ஒரு தலகாணி போடுங்க.”

“பிரேக் அடிச்சா தலகாணி ஒரு பக்கம் போகும், புள்ள ஒரு பக்கம் போகும். வேலையைப் பாரு.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சீட்டு வெளிய போகணும். இல்லேன்னா சாவியை வெச்சிட்டு நீங்க போங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் சாவியை மேசை மேல் வைத்தேன். “சீட்டு இல்லாம அந்தப் புள்ளையை ஏத்த மாட்டேன்.”

“நீங்க என்ன ஏத்தறது? நான் ஓட்டறேன்” என்று பூஸ்டர் சீட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினான். அவன் பூட்டிக்கொண்டிருந்தபோது நானும் ஒரு சின்ன வேலை பார்த்தேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்கத்தைவிடச் சுகமாக இருந்தது.

மச்சான் தன் காரிலிருந்து மெத்தையை எடுக்கப் போனான். காணோம். யாரையும் கேட்கவும் முடியாது. இல்லாத பொருளை எப்படித் தேடுவது? விறைப்பாக என் வண்டியில் ஏறினான். ஏறினான் என்பது எங்களுக்குக் கதவுச் சத்தத்தால்தான் தெரிந்தது. ஆள் மறைந்துவிட்டான். டிரைவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அதற்குள் பின் சீட்டில் ஏறியிருந்த ஓட்டைப்பல் எட்டிப் பார்த்தாள். “மாமா, உங்களுக்கும் கழுத்துல வருதா?”

வெகு நேரம் இன்ஜின் கிளம்பவில்லை. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

“அத்தான், அது எங்க?”

“எது?”

“அதுதான்.”

“பேரைச் சொல்லு மச்சான்.”

“என் மெத்தை!” ஷெட்டில் அந்தச் சொல் முதன்முறையாக ஒலித்தது.

“உனக்கு எதுக்கு மெத்தை?”

“ரோடு தெரிய வேணாமா? பெல்ட்டு கழுத்தை அறுக்குதில்ல?”

“ஆமா, அறுக்குது” என்றாள் ஓட்டைப்பல்.

ஜன்னல் வழியாக இரண்டு சாவிகள் வெளியே நீண்டன: ஒன்று வண்டியுடையது, மற்றது அலமாரியுடையது.

பூஸ்டர் சீட்டை வைத்து, அவளை உட்காரவைத்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன்.

“என்னோடது?” என்றான் இறங்கி நின்ற மச்சான்.

“மொதல்ல அவ பள்ளிக்கூடம் போகட்டும்.”

பெஞ்சில் எனக்கடியில் இருந்த மெத்தையை எடுத்து என் சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கிளம்பினேன். ஒவ்வொரு மேட்டிலும் என் மொட்டை கூரையில் இடித்தது. மெத்தையை நான் எடுக்கவில்லை.