ருஜியேரோவின் நாற்காலி

காலையிலிருந்தே வீத்தாவுக்கு அந்த ரெண்டு பேரையும் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. சிப்பி வாங்கத் துறைமுகத்துக்குப் போனால், அங்கே செத்த மீனோடு படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிலான் பக்கத்திலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த புருஷனும் பெண்டாட்டியும். தலையில் வைக்கோல் தொப்பி, நடையில் அவசரமே கிடையாது. திரும்பி வந்தால், வீத்தா சந்தில் காயப்போட்ட உள்பாவாடையை அந்த மனுஷன் படம் பிடிக்கிறான். "எவ்வளவு அழகு பாரு, லெதீசியா" என்கிறான். அழகாம். துவைத்த கைக்கல்லவா தெரியும்.

ஆனால் அவள் கோபத்துக்கு வேர் வேறு இடத்தில் இருந்தது. எதிர்வீட்டு ஒலிம்பியாவின் புருஷன் ருஜியேரோவை முந்தாநாள்தான் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து ஒலிம்பியா அழவுமில்லை, பேசவுமில்லை, பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவுமில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துக்க வீட்டு வாசலில் கறுப்புத் துணி தொங்க வேண்டும், அடுப்பு மூட்டக் கூடாது, பகலில் கதவைச் சாத்தக் கூடாது. அக்கம்பக்கம்தான் முறைவைத்துச் சமைத்துக்கொண்டுபோய் மேசையில் வைக்கும். நேற்று வைத்த சூப்பு அப்படியே திரும்பி வந்தது.

இன்று வீத்தாவின் முறை. அரிசி, உருளைக்கிழங்கு, சிப்பி என்று அடுக்கடுக்காகப் போட்டுச் சுட்டு, ஆவி பறக்கக் கொண்டுபோய் வைத்தாள். ருஜியேரோ இருந்தால் சட்டியையே வழித்திருப்பான். உள்ளறையில் ஒலிம்பியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, ரெண்டு வாய். எனக்காக."

ஒலிம்பியா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

"சரி, நீயும் அவன் பின்னாடியே போ. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நாங்க சாவு மணி அடிச்சுக்கறோம்" என்று கத்திவிட்டு, கத்தியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒயின் எடுத்து வந்தாள்.

வந்து பார்த்தால் மேசையில் அந்த ரெண்டு பேர். உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதிலும் அந்த ஆள் உட்கார்ந்திருந்தது ருஜியேரோவின் கைவைத்த நாற்காலியில். துக்கம் கேட்க வந்த பாதிரியார்கூட அதைத் தொடாமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

"ஒயினும் வந்தாச்சு" என்றான் அவன் சந்தோஷமாக. "கதவு திறந்திருந்துச்சும்மா. வீட்டுச் சாப்பாடு போடுற இடம்னு நாங்களே உட்கார்ந்துட்டோம்."

"வாசல்ல கறுப்புத் துணி தொங்குதே, தெரியலையா?"

"அலங்காரம்னு நெனச்சோம்" என்றாள் லெதீசியா.

வீத்தாவுக்குக் கண் இருட்டியது. கையிலிருந்த புட்டியை யார் தலையில் இறக்குவது என்று யோசிக்கும்போதே பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒலிம்பியா நின்றாள். தலைவிரி கோலம், வெறுங்கால்.

"எந்திரி" என்றாள். குரல் கரகரத்தது. "அது என் புருஷன் நாற்காலி."

"கோவிச்சுக்காதீங்கம்மா. அவர் வந்ததும் எழுந்துடறேன்."

"அவன் வரமாட்டான்."

அந்த ஆள் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"வரமாட்டான். செத்துட்டான். மண்ணுக்குள்ள வெச்சுட்டு வந்திருக்கேன். எந்திரி."

ரெண்டு பேரும் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.  ஒலிம்பியா அந்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். அந்த ஆள் தின்ற தட்டை ஒதுக்கிவிட்டு, சட்டியைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் அள்ளிப் போட்டாள். கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. இன்னொரு வாய் போட்டாள்.

"உப்பு கம்மிடி" என்றாள். "உனக்கு என்னைக்குத்தான் உப்புப் போட வந்திருக்கு."

முந்தாநாளிலிருந்து பட்டினி கிடந்தவள் பேசுகிற பேச்சைப் பார் என்று வீத்தாவுக்குச் சுருக்கென்றது. போய் உப்பை எடுத்து வந்தாள்.