ரோசம்மாள் சொன்ன பதினொன்று

ரோசம்மாளுக்கு ஓட்டம் என்றால் உயிர். கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். பிறகு இருபத்தாறு வருடம் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விசிலோடு ஓரமாக நிற்கத் தெரியாது, பிள்ளைகளோடு கூடவே ஓடுவாள். ஐம்பத்தோராவது வயதில் அந்த மைதானத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த மாதம் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் இதய நோயாளிகளுக்கான பன்னிரண்டு வாரப் பயிற்சி தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் அல்ஷிஃபா சுவரில் இருந்த அட்டையைக் காட்டினாள். ஆறிலிருந்து இருபது வரை எண்கள். ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. இருபது என்றால் இனி ஓர் அடிகூட முடியாது என்பது.

"நடக்கும்போது எவ்வளவு சிரமமா இருக்குன்னு நம்பர்ல சொல்லுங்க டீச்சர். பதினொண்ணு, பன்னெண்டைத் தாண்ட வேணாம். நீங்க சாப்பிடுற மாத்திரை இதயத் துடிப்பை ரொம்ப ஏறவிடாது. அதனால உங்க வாட்ச்சுல காட்டுற துடிப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ண முடியாது. நீங்க சொல்றதை வச்சுதான் நான் வேகத்தை ஏத்துவேன்."

ரோசம்மாள் ஒவ்வொரு நாளும் பதினொன்று என்றே சொன்னாள். மூச்சு வாங்கினாலும் பதினொன்று. பின்கழுத்தில் வியர்வை வழிந்தாலும் பதினொன்று. அல்ஷிஃபாவும் அதை நம்பி வாராவாரம் டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டினாள். சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் ஓடலாம் என்பது ரோசம்மாளின் எண்ணம். கண்ணை மூடினால் காலடியில் செம்மண் தடம் விரிந்தது. கடைசி வளைவில் காது இரண்டிலும் காற்று இரைந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. மாம்பழச்சாலை வீட்டிலிருந்து காவிரிப் பாலத்துக்கு நடக்கப்போனவள், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஓடினாள். நாற்பது அடி இருக்கும். கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நடைபாதையில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் செய்தாள். ஜூட் பனியனோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இ.சி.ஜி.யில் புதிதாக ஒன்றுமில்லை.

"உனக்கு என்ன அவசரம் ரோசா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆசையா இருந்துச்சுங்க. வேற ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை அல்ஷிஃபாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பொய்ப் பதினொன்றையும் சேர்த்து.

அல்ஷிஃபா திட்டவில்லை. "அப்ப நிஜமா எத்தனை டீச்சர்?"

"பதினஞ்சு இருக்கும். எனக்குப் பதினொண்ணுன்னா என்னன்னே தெரியலம்மா. சுலபமா இருந்தா சோம்பேறித்தனம்னுதான் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்."

வேகம் முதல் வாரத்துக்குத் திரும்பியது. அவமானமாக இருந்தது. பக்கத்து டிரெட்மில்லில் எழுபது வயதுக்காரர் ஒருவர் அவளைவிட வேகமாக நடந்தார். அவள் பொறுத்துக்கொண்டாள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் பேசிக்கொண்டே நடந்தாள், உள்ளபடியே எண்ணைச் சொன்னாள். சில நாள் பத்து. மழை பெய்து தூக்கம் கெட்ட ஒரு நாள் பதின்மூன்று, அன்றைக்கு அல்ஷிஃபா உடனே வேகத்தைக் குறைத்தாள். ஒன்பதாவது வாரம் ஒரு நிமிடம் வேக நடை, இரண்டு நிமிடம் மெது நடை என்று மாற்றிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாவது வாரம் டாக்டர் டிரெட்மில் சோதனை செய்து பார்த்துவிட்டு, நன்றாக நடக்கலாம், பள்ளிக்கும் போகலாம் என்றார்.

"ஓட்டம்?" என்று கேட்டாள்.

"மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். மெதுவான ஓட்டம் வேணா முடியலாம். போட்டி வேகம் இனிமே வேணாம்மா."

மறுநாள் காலை ஜூட்டோடு பாலத்தில் நடந்துகொண்டிருந்தாள். சிந்தாமணிப் பக்கமிருந்து அவளுடைய பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வரிசையாக ஓடி வந்தார்கள்; முன்னால் புது டீச்சர். "குட் மார்னிங் மிஸ்!" என்று கத்திக்கொண்டே கடந்தார்கள். கடைசியாக வந்த யாழினி குதிகாலைத் தரையில் அடித்து அடித்து ஓடினாள்.

"யாழினி, முன்பாதத்துல ஊனு!" என்று ரோசம்மாள் கத்தினாள். அவள் திரும்பிச் சிரித்துவிட்டு, அப்படியே ஊன்றி ஓடினாள்.

பிள்ளைகள் மாம்பழச்சாலை முனையில் மறையும்வரை ரோசம்மாள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே வாட்ச்சில் துடிப்பின் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன ரோசா, முடியலையா?" என்று ஜூட் பதறினார்.

"நான் நல்லாத்தாங்க இருக்கேன்" என்றாள். "கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் நடப்போம்."