ராடாரை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

1.
இந்தக் கதைக்குக் காரணம் என் வாய்தான். “அடுத்தது கடற்போர்” என்று பதிப்பாளரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். கடலில் முழங்கால் வரை இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. முதல் வரி:

அலைகளைக் கிழித்துக்கொண்டு அந்த நாசகாரிக் கப்பல்—

(அடித்துவிட்டேன். அலைகளைக் கிழிக்காமல் எந்தக் கப்பல் போயிருக்கிறது?)

2.
பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். போர்க்கப்பல் வடிவமைக்கும் அலுவலகத்தில் அக்கா எடைக்குப் பொறுப்பு. ஏவுகணைக் குழாய், பீரங்கி, அடிவயிற்றில் ஒலியால் நீருக்கடியில் துழாவும் சோனார், பூசுகிற பெயிண்ட் என எல்லாமே அவளிடம் எடை சொல்லிவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். அத்தான் அங்கேயே ராடார் பிரிவு. இவர்கள் வடிவமைக்கும் இந்தக் கப்பலில்தான், ராடார் திரை முன்னால், இவர்கள் மகள் உட்காரப்போகிறாள்.

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

3.
“மச்சான், ராடார் இன்னும் ரெண்டு மீட்டர் மேல போகணும். அப்பதான் தண்ணிய ஒட்டி வர்ற ஏவுகணை முன்னாடியே தெரியும். உங்க அக்காகிட்ட சொல்லுங்க.”

“டேய், ஏவுகணையே வேணாம், ஒரு புயல் போதும், தலை கனத்துக் கவுந்துடும்னு உங்க அத்தான்கிட்ட சொல்லு. மேல ஏத்தணும்னா மேலேருந்தே எதையாவது இறக்கணும்.”

நடுவில் தட்டோடு நான், தகவல் தொடர்புச் சாதனம். (என் எடையை அக்கா கேட்டதில்லை. பார்வையாலேயே போட்டுவிட்டாள்.)

(எதிரியின் ராடார் அலை திரும்பிப் போகாதபடி கப்பலின் சுவர்களைச் சாய்த்துக் கட்டுகிறார்கள். அக்காவின் பார்வைக்கு அத்தானும் அப்படித்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.)

4.
அத்தானை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். கதைக்கு வசதி. மனுஷன் விடவில்லை. முதல்முறையாக அக்காவிடமே பேசினார்.

“மேல இன்னொரு ராடார் இருக்குல்ல, மாற்றுக்கு. அத எடுத்துடு. எடை சரியாப் போகும்.”

“பெரிய ராடார் அடிபட்டா?”

“கப்பலுக்குக் கண்ணு தெரியாது.”

அக்கா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அப்போது அவர்கள் மகள், என் மருமகள், போன் செய்தாள்; அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நான் உக்கார்ற ரூம் எங்க வருது?”

“நடுவுல. ஜன்னல் கிடையாது.” இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“போச்சுடா! வெளிய என்ன வருதுன்னு அப்பாவோட ராடாரும், எவ்வளவு சாயுதுன்னு அம்மாவோட கணக்கும்தான் சொல்லணுமா? சரி, உயரம் எவ்வளவுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

அத்தான் டம்ளரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்; அக்கா தட்டுகளை அடுக்கினாள்.

“மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்.”

“சிக்னல் சரியில்லம்மா,” என்று நான்தான் துண்டித்தேன்.

5.
முடிவு ஒன்று: ராடார் உயர்ந்தது, மாற்று இறங்கியது. ஒருநாள் குண்டின் சிதறல் ஒன்று—

(வேண்டாம்.)

முடிவு இரண்டு: ராடார் உயரவில்லை. அடிவானத்துக்கு அப்பாலிருந்து—

(ஐயோ, வேண்டவே வேண்டாம்.)

நாளைக் காலைக் கூட்டத்தில் அக்கா ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். வாசகரே, நீங்கள் வெளியாள், பதற்றம் இல்லாதவர். முடிவை நீங்களே எழுதிவிடுங்கள். எழுதியதும் மறக்காமல் என் மருமகளுக்கு ஒரு போன் போட்டு, எந்த முடிவு என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு இங்கே இன்னும் சிக்னல் வரவில்லை.