ஊசிக்கு ஒரு பெட்டி

விடிவதற்குள் பதினேழு பேர் ரத்தம் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்கு ஓடிவிட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் சுருட்டை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருந்து நெடியில் கண் கரித்தது. குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மார்பில் பால் கட்டி வலித்தது. வீட்டில் எட்டு மாதக் குழந்தை கணவனின் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ரத்தம் கொடுத்தவர்கள் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறவர்கள். அந்தக் கிருமி உடம்பைக் காக்கும் செல்களைக் கொல்கிறது. செத்த செல்கள் ரத்தத்தில் விட்டுப்போகும் துணுக்குகளை அளந்தால் நோயின் போக்கு தெரியுமா என்று இங்கே ஆராய்ச்சி நடந்தது. அளக்கிற மெஷின் பளபளவென்று புதியது. ஊசிகளைப் போடும் கெட்டிப் பெட்டி மட்டும் மூன்று மாதமாக வரவில்லை. "பை போதும்" என்றுவிட்டார் முதலாளி.

அந்தப் பையின் வாயைக் கட்டும்போதுதான் சுருட்டையின் கட்டைவிரலில் சுருக்கென்றது.

கையுறையைக் கழற்றினாள். ஒரு பொட்டு ரத்தம். வெளியே வந்தது அவளுடையது. உள்ளே போனது யாருடையது?

அலறல் கேட்டு, ரத்தம் எடுக்கும் அக்கா ஓடிவந்து அவளைக் குழாயடிக்கு இழுத்தாள். "பிதுக்காதடி! சோப்பு போடு. தண்ணி ஓடட்டும்."

பின்னாலேயே மெஷின்காரர் வந்தார். சுருட்டை விரலைக் குழாயிலிருந்து எடுக்காமலே அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என் ரத்தத்தையும் மெஷின்ல போடுங்க. வந்துடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

"இது சொல்லாதும்மா. செல்லு செத்த பிறகு எண்ணுற மெஷின் இது. கிருமிக்கு வேற டெஸ்ட். அதுவும் இன்னிக்கு ஒண்ணும் காட்டாது. இப்ப மாத்திரைதான் முக்கியம். மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"பாப்பா பால் குடிக்குதேண்ணே..."

அக்கா அவள் விரலில் துணியைச் சுற்றி வாசலுக்கு நடத்தினாள்.

வாசலில் முதலாளி நின்றார். "ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவே?"

"வேலையில குத்திடுச்சுன்னு..."

"வீட்டுல குத்துச்சுன்னு சொல்லு. இங்க விபத்துன்னு எழுதினா ஆராய்ச்சியே நின்னுடும். அப்புறம் உங்க எல்லாருக்கும் வயித்துல ஈரத்துணிதான். இதுல கையெழுத்துப் போடு, என் கார்லயே அனுப்பறேன்" என்று ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

சுருட்டை பேனாவை வாங்கிவிட்டாள். குழந்தையின் முகம்தான் கண்ணில் நின்றது. எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள்.

அக்கா தாளைப் பறித்தாள்.

"ஒரு பொட்டு ரத்தத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் முதலாளி.

"ஒரு பொட்டுதானே சார்? பை இதோ இருக்கு. நீங்க வெறுங்கைய உள்ள விடுங்க. நாங்க வாய மூடிக்கிறோம்."

முதலாளியின் கை தானாகவே பேண்ட் பாக்கெட்டுக்குள் ஒளிந்தது.

அக்காவின் குரல் உடைந்தது. "போன மாசம் எனக்கும் குத்துச்சு. வேலை போயிடுமோன்னு மூச்சு விடல. வீட்டுக்காரர் பக்கத்துல படுக்கக்கூடப் பயம். தினம் செத்துப் பொழைக்கிறேன்."

மெஷின்காரர் அவளையே பார்த்தார். மூன்று வருடமாகப் பக்கத்து நாற்காலிக்காரி. கண்ணாடிக்குள் அடைத்த செல்லின் சாவை எண்ணத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. அவர் மெஷினை நிறுத்தினார்.

"யோவ், சாம்பிள் வீணாயிடும்!"

"ஆகாது சார். கொடுத்தவங்களும் நம்மள மாதிரி பொழப்புக்கு ஓடறவங்கதான். பிரிச்சு உறைய வச்சுட்டுத்தான் வருவேன். ஆனா ஊசிக்குப் பெட்டி வர்ற வரைக்கும் மெஷின் ஓடாது. நீங்க முன்னால போங்கம்மா."

பரிசோதனைக்கூடத்து வேனை அதன் டிரைவர் ஏற்கெனவே கிளப்பியிருந்தார். சுருட்டையோடும் அக்காவோடும், முன்மேசையில் சீட்டு எழுதும் பெண்கள் இருவரும் ஏறிக்கொண்டார்கள். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டுத் தானும் தொற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எங்கே குத்தியது என்று கேட்டார்கள். "வேலை செய்யற எடத்துல" என்றாள் சுருட்டை. இருபத்தெட்டு நாள் மாத்திரை, பிறகு டெஸ்ட். அதுவரை குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்றார் டாக்டர். முதல் மாத்திரை தொண்டையில் சிக்கி, அழுகையோடு இறங்கியது.

அடுத்த அறையில் அக்காவுக்கு ரத்தம் எடுத்தார்கள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள், இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பின்னால் வந்து சேர்ந்த மெஷின்காரரின் போன் அடித்தது. "பெட்டி வந்துடுச்சா சார்?" என்றார். மறுமுனையில் முதலாளி, பெட்டியைப் பற்றிப் பேசாமல் வேலைக்குத் திரும்பச் சொன்னார். "அப்ப நாங்களும் வரல. ஏழு பேருமேதான்."

அக்கா பஞ்சை அழுத்தியபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "ரிசல்ட் நாளைக்காம். வாங்கக் காலு வராதுடி."

சுருட்டையின் பயம் துளியும் குறையவில்லை. ஆனாலும் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நான் வரேன்க்கா. எல்லாரும் வரோம்."