கூடைக்குள் கொஞ்சம் காற்று

லிஸ்பனுக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமமான கொலாரஸில் சண்டை போடாத பங்காளிகளைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் பல்தசாருக்கும் அவன் தம்பி அடெலினோவுக்கும் இடையே சண்டை மூட்டியது ஒரு சட்டம். கடலோர மணலில் நட்ட கொடியின் திராட்சையில் பிழிந்த ஒயினுக்குத்தான் கொலாரஸ் என்ற பெயர், பக்கத்திலேயே கெட்டி மண்ணில் விளைந்ததற்குக் கிடையாது என்று லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு எழுதிவிட்டார்கள். பிறகு ராஜாவே நாட்டைவிட்டு ஓடினார். சட்டம் மட்டும் அசையவில்லை.

சட்டம் வருவதற்கு முந்தின வருஷம்தான் அப்பாவின் நிலத்தைப் பிரித்திருந்தார்கள். மூத்தவன் பல்தசார் மணலை எடுத்துக்கொண்டு, நன்றாக விளைகிற கெட்டி மண்ணைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான். ஊரே அவனைப் பெரிய மனசுக்காரன் என்றது. சட்டம் வந்து மணலுக்கு விலை ஏறியதும் அதே ஊர் எமகாதகன் என்றது. ஒயின் கடையில் நாலு பேர் முன்னால் அடெலினோ அவனைத் திருடன் என்றான். இப்படி ஒரு சட்டம் வரும் என்று சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்று பல்தசார் சொல்லியிருக்கலாம். அவனாக வந்து கேட்கட்டுமே என்ற வீம்பு. அன்றோடு பேச்சு நின்றது.

மூன்று வருஷம் கழித்து, அண்ணனின் திராட்சைக் கொடிக்காலை ஒட்டி ஒரு துண்டு மணலை அடெலினோ வாங்கினான். அந்தக் குளிர்காலத்தில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தான். மணலில் கொடி நடுவது சும்மா குச்சி ஊன்றுகிற வேலை இல்லை. அடியில் களிமண் தட்டும்வரை தோண்ட வேண்டும். சில இடங்களில் மூன்று ஆள் ஆழம். இறங்குகிறவன் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொள்வான். மணல் சரிந்து மூடினால் கூடைக்குள் நிற்கிற காற்றுதான் அவன் உயிர். அதனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதைந்தவனை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பதில் சொல்வான், சொன்னால் காற்று தீரும். அவனே கத்தினாலும் மேலே இருக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. புதைந்தவன் எதையாவது கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கொலாரஸில் இது தெரியாத குழந்தைகூட இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. ஈரமாக இருக்கும்வரை மணல் சுவர்போல நிற்கும், காய்ந்தால் உதிரும். மறுநாள் காலையில் பல்தசார், கடல்காற்றுக்கு அடைத்திருந்த நாணல் தட்டியைத் தன் பக்கமிருந்து கட்டிக்கொண்டிருந்தான். பள்ளத்தின் விளிம்பு ஓரிடத்தில் வெளுத்திருந்ததும், அதற்குப் பின்னால் மெல்லிசாக ஒரு வெடிப்பு ஓடியதும் அவன் கண்ணில் பட்டது. கீழே நிற்கிறவனுக்கு அது தெரியாது. மேலே நின்று மணலை இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்த கூலியாள் செஃபெரினோவும் அதற்கு முதுகைக் காட்டி நின்றான். பல்தசார் தட்டியை விட்டு எழுந்து நின்றான். சொல்லத்தான் எழுந்தான்.

செஃபெரினோ திரும்பிப் பார்த்தான். "என்ன பெரியவரே, தட்டி கட்டுறீங்களா, இல்ல எங்க பள்ளத்தை வேவு பாக்குறீங்களா?"

பள்ளத்துக்குள்ளிருந்து அடெலினோவின் குரல் வந்தது. "விடுப்பா. திருடுறதுக்கு இங்க இன்னும் மணல் மிச்சமிருக்கான்னு பாக்குறாரு."

பல்தசாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பேசுகிறவனுக்கு மணலைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து தட்டியைக் கட்டினான்.

மதியம் செஃபெரினோ சாப்பிடப் போனான். மேலே ஆள் இல்லாதபோது கீழே நிற்கக் கூடாதுதான். களிமண் தட்டப்போகிற ஆசையில் அடெலினோ ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில், யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோலத் தொம்மென்று ஒரு சத்தம். பல்தசார் தட்டியை மிதித்துக்கொண்டு ஓடினான். பள்ளம் இருந்த இடத்தில் ஒரு குழிவுதான் இருந்தது. சட்டையைக் கழற்றி ஒரு நாணலில் மாட்டி நட்டான். அதைப் பார்த்தால் ஊர் ஓடிவரும். மண்வெட்டி தம்பியின் மேல் பட்டுவிடும் என்று கையாலேயே பறித்தான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக வந்தது.

"அண்ணே… நீயா?"

மூன்று வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. பல்தசாருக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான்தான்டா, வந்துட்டேன், அந்தச் சட்டம் வரும்னு எனக்குத் தெரியாதுடா. எல்லாவற்றையும் விழுங்கினான். உதட்டைக் கடித்ததில் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. இன்னொரு தரம் "அண்ணே" என்று கேட்டது. அவன் அழுதபடியே, சத்தமில்லாமல் பறித்தான். அதற்குப் பிறகு கீழேயிருந்து குரல் வரவில்லை.

ஊர் வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அடெலினோவின் பெண்டாட்டி ஃபெலிஸ்மினா, சால்வையை வாயில் திணித்துக்கொண்டு ஓடிவந்து, மண்டியிட்டுக் கையால் பறித்தாள். அத்தனை பேர் தோண்டியும் கூடை தெரிவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

கூடைக்குள் முகத்தில் ஒரு மணல்கூடப் படவில்லை. உயிர்தான் இல்லை. சட்டைக் கையைப் பற்களுக்கிடையில் இறுகக் கடித்திருந்தான். மேலே அண்ணன் தோண்டுகிறான், இனிப் பேசக் கூடாது என்று புரிந்துகொண்டு, நம்பிக் காத்திருந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம், பாதிரியாருக்குச் சொல்ல ஆள் போனபிறகு, வீட்டு வாசலில் இருந்த மூத்தார் பல்தசாரின் பக்கத்தில் ஃபெலிஸ்மினா வந்து உட்கார்ந்தாள்.

"ஏதாவது சொன்னாரா அத்தான்?"

"கூப்பிட்டான். அண்ணேன்னு."

"நீங்க பதில் சொல்லிடலையே?"

"இல்லம்மா."

"நல்லது பண்ணீங்க. நானா இருந்தா அடக்கியிருக்க மாட்டேன். உங்க ரெண்டு பேரு வீம்பையும் நான் திட்டாத நாள் கிடையாது. இன்னிக்கு நீங்க வாயைக் கட்டிக்கிட்டு இருந்தது அவருக்காகத்தான்." நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்த அவன் கையை எடுத்துத் தன் சால்வையால் துடைத்தாள். பிறகு அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்த வெடிப்பைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. பல்தசார் சும்மா இருந்திருந்தால் அந்தக் கை அங்கேயே இருந்திருக்கும்.

"காலையிலயும் பேசாமத்தான் இருந்தேன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"விளிம்பு வெடிச்சிருந்ததைப் பாத்தேன் ஃபெலிஸ்மினா. சொல்லத்தான் எழுந்தேன். சொல்லல."

அவள் அவன் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.